பத்தால் பெருக்காத எண்

முட்டை வேகும்போது வெள்ளைக்கரு கெட்டிப்படுவதைப் பார்த்திருப்பீர்கள், ஐயா. அதுவும் புரதம்தான். தெளிந்த நீருக்குள் ஒளிந்திருக்கும் புரதத்தைக் கண்டுபிடித்து அளப்பது என் வேலை. இந்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம். முதுகுத்தண்டு நீரில் அளந்தால் மூளைக்காய்ச்சலுக்குத் துப்புக் கிடைக்கும். மூத்திரத்தில் அளந்தால் சிறுநீரகத்தின் நிலை தெரியும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வரப்போகும் ஆபத்தும் தெரியும்.

சிவப்புச் சாயத்தில் மாதிரியை விட்டால் புரதத்துக்கு ஏற்ப நீலம் ஏறும். இயந்திரம் அந்த நிறத்தை எண்ணாகச் சொல்லும். நீலம் மிதமிஞ்சினால் அதற்குக் கண் கட்டிவிடும். அப்போது ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கி எழுதுவோம். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

என் தங்கையை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. கல்யாணமாகி இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக அவள் வயிற்றில் தங்கிய கரு அது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. அதனால் என்னோடுதான் இருந்தாள்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் இரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார்.

"பிரஷர் மட்டும்னா மாத்திரை குடுத்துப் பொறுத்துப் பார்க்கலாம். புரதம் முப்பதைத் தாண்டிச்சுன்னா பொறுக்க மாட்டேன். குழந்தையை எடுத்துடுவேன்."

"எடுத்தா பிழைக்குமா டாக்டர்?"

"இப்ப எடுத்தா சந்தேகம்தான். எனக்குத் தாய் முக்கியம்."

எனக்கும் தாய் முக்கியம்தான்.

முதல் வாரம் நீலம் மிதமிஞ்சியது. தண்ணீர் கலந்து மறுபடி வைத்ததில் இயந்திரம் பதினான்கு காட்டியது. பதினான்கு என்றே அறிக்கையில் எழுதினேன். பொய்யான எண் எதையும் நான் எழுதவில்லை, ஐயா. இயந்திரம் சொன்னதை எழுதினேன். பெருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வாரம் இருபத்தொன்று. மூன்றாம் வாரம் இருபத்தெட்டு.

தங்கை கேலி செய்வாள். "ஊரார் மூத்திரத்தையெல்லாம் ஒரு தரம் அளக்குறே. என்னோடதை மட்டும் ஏன்க்கா ரெண்டு தரம்? தங்கம் கிங்கம் கலந்திருக்கா?"

"வாயை மூடிட்டுக் காலை நீட்டிப் படுடி."

அந்தக் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மூன்றாம் வாரக் கடைசியில் அவளே கேட்டாள்.

"அக்கா, தலை பிளக்குது. கண்ணுக்குள்ள மின்மினி பறக்குது. டெஸ்ட்டு சரியாத்தானே இருக்கு?"

"நான் பண்ணின டெஸ்ட்டுடி."

உடனே சமாதானமாகிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் போதும்.

மறுநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. குழந்தையை எடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அது சதை பிடித்திருந்தது. தானாக மூச்சு விட்டது. தங்கை மூளையில் இரத்தம் கசிந்து இரண்டு நாள் கிடந்தாள். கண் திறக்காமலே போய்விட்டாள். "இனிமே நீங்கதான்க்கா அதுக்கு அம்மா" என்று அழுதுவிட்டு அவள் வீட்டுக்காரர் கப்பலுக்குத் திரும்பினார்.

என் குறிப்பு நோட்டில் மூன்று தேதிக்கும் 'ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் வேலையில் நான் சுத்தம். மறதி என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். நல்ல மனசு. மறதி இல்லை, ஐயா. நூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து, இருநூற்று எண்பது. அந்தந்த நிமிடமே மனதுக்குள் பெருக்கிவிட்டேன்.

அவளுக்காகத்தான் செய்தேன். இதுவும் கலைந்தால் நான் இருக்க மாட்டேன் என்று அவளே ஒருமுறை சொன்னாள். இந்தக் குழந்தை மேல் எனக்கென்று தனியாக எந்த ஆசையும் இருந்ததில்லை. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பாருங்கள். தொட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பதினான்கு என்று எழுதிய அன்று மாலையே வாங்கி வந்தது. அவள் பார்த்துவிடக் கூடாதென்று போர்வை போட்டு மூடி வைத்திருந்தேன்.