முத்தமிழின் வாயை நான் பொத்தியது குறித்து

பெயர் மலர்க்கொடி, வயது 36, கணவர் பெயர் பஞ்சநாதன், மீனவர் தெரு, மண்டபத்தூர், காரைக்கால். தொழில் மீன் விற்பது. காவல் நிலையத்தில் விசாரித்தபோது யாரும் மிரட்டாமல் நானாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் முத்தமிழ் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துகள் அவள் மனதில் நிற்பதில்லை. அவளையும் அவளைப் போன்றவர்களையும் பள்ளியில் மெல்லக் கற்போர் என்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களுக்கான அரசுத் திட்டத்தில் நபீசா என்ற சிறப்பாசிரியர் வந்தார். அவர் மணலில் எழுத்தைப் போட்டு, பிள்ளையின் விரலைப் பிடித்து அதன்மேல் நடத்துவார். அதுவரை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுத்துவந்த என் மகள் அதன் பிறகு எடுக்கவில்லை.

பள்ளிக்கு ஆய்வு வந்தால் மெல்லக் கற்போரை அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும்படி தலைமையாசிரியர் சிவபாலன் சொல்லி அனுப்புவது வழக்கம். சென்ற மாதமும் சொல்லி அனுப்பினார், நானும் நிறுத்திக்கொண்டேன். அந்த ஆய்வே, மெல்லக் கற்போருக்குப் பள்ளி என்ன செய்கிறது என்று பார்க்க வந்த ஆய்வு. அது தலைமையாசிரியருக்கு முன்பே தெரியும் என்றும், வழக்கத்தை மாற்றத் தோன்றவில்லை என்றும் பின்னர் அறிந்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி உமாமகேஸ்வரி அம்மா, மெல்லக் கற்போர் பட்டியலைப் பார்த்து, முத்தமிழைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். நபீசா டீச்சர் அப்போது அதிகாரிகளுக்குச் சாப்பாடு வாங்கக் காரைக்காலுக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஆகவே, வகுப்பில் முதலாவதாக வரும் எங்கள் எதிர்வீட்டுப் பெண் தாமரைச்செல்வியை முத்தமிழ் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அவள் பாடத்தை நிறுத்தாமல் வாசித்தாள். மாலையில் அவளே வந்து, "அத்தை, இன்னைக்கு நான்தான் முத்தமிழு. அந்த மேடம் என்னயக் கட்டிப்புடிச்சிக்கிட்டாங்க" என்றாள்.

அதன் பிறகு, எங்கள் பள்ளியில் திட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்டதால் நபீசா டீச்சரை விழிதியூருக்கு மாற்றுவதாக உத்தரவு வந்தது. மீன் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி, "ஒம் பொண்ணு கலெக்டராயிடும் போலருக்கே மலரு, இன்னும் என்ன மத்தி வித்துக்கிட்டு" என்றாள்.

அதன் பிறகு நான் அதிகாரியிடம் போய், அவர் பார்த்தது என் மகளை இல்லை, என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது, டீச்சரை மாற்றக் கூடாது என்று சொன்னேன். பெற்ற தாயே பிள்ளையைக் குறைத்துப் பேசக் கூடாது என்று அவர் அறிவுரை சொன்னார். நிறையப் பிள்ளைகளைப் பார்ப்பதால் முகம் நினைவில்லை என்றும், நேரில் வந்து சோதிப்பதாகவும், வாசிக்கத் தெரியாது என்று உறுதியானால் உத்தரவை நிறுத்துவதாகவும் சொன்னார்.

சம்பவத்தன்று காலையில் மகளை நானே பள்ளிக்கு அழைத்துப் போனேன். போகும் வழியில், "அவங்க எதக் காட்டுனாலும் தெரியலன்னு சொல்லிடு. அப்பதான் டீச்சரு இங்கயே இருப்பாங்க" என்று சொல்லி வைத்தேன். சரி என்று தலையாட்டினாள்.

அதன் பிறகு தலைமையாசிரியரும் நபீசா டீச்சரும் நானும் இருக்கையில், அதிகாரி ஓர் அட்டையைக் காட்டினார். அதில் படம் இல்லை, எழுத்து மட்டும் இருந்தது. என் மகள் அட்டையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மேசைமேல் விரலை மெதுவாக நகர்த்தினாள். பிறகு "நண்டு" என்றாள். தலைமையாசிரியர் கை தட்டினார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி அடுத்த அட்டையை எடுத்தார். என் மகள் வாயைத் திறந்தாள். நான் கையால் அவள் வாயைப் பொத்தினேன். இரண்டு பேர் பிடித்து இழுத்தும் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு சொல்லே போதும் என்று உத்தரவு உறுதி செய்யப்பட்டது. டீச்சர் அன்றே விழிதியூருக்கு அனுப்பப்பட்டார். அரசு அதிகாரியின் பணியைத் தடுத்ததாகவும் பிள்ளையைத் துன்புறுத்தியதாகவும் தலைமையாசிரியர் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். வாயைப் பொத்தியது உண்மை. அதற்குமுன் என் மகள் எந்தச் சொல்லையும் வாசித்து நான் கேட்டதில்லை. அடுத்த அட்டையில் இருந்ததை அவள் என் உள்ளங்கைக்குள் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ப. மலர்க்கொடி