கல்யாணத்துக்குப் போன பீஸ்கட்டை

ரெஜிஷா: கதவச் சாத்தாதீங்க அண்ணாச்சி! தொறந்தே கெடக்கட்டும். ரோட்டுல போறவங்களும் கேக்கட்டும்.

வள்ளிநாயகம்: எம்மா ரெஜிஷா, கீழ வாடகைக்குக் கடை நடத்துகவ வீட்டுக்காரன் நடையில நின்னு இப்பிடியா தொண்ட தொறப்பா? கல்யாண வீட்டுல இருந்து இப்பதான் வாறோம். அஞ்சுகிராமத்துல ஒரே மழை. ராத்திரி அங்கேயே கெடந்துட்டு... வேட்டியகூட மாத்தல்ல.

ரெஜிஷா: வேட்டி பொறவு. மொதல்ல இந்த வாளிய எட்டிப் பாருங்க.

வள்ளிநாயகம்: சவத்தத் தூரக் கொண்டு போ! நாத்தம் கொடலப் பெரட்டுகு. சைவக்காரன் வீட்டு நடையில மீனக் கொண்டு வச்சுட்டு...

ரெஜிஷா: கறிக்கு வாங்குனது இல்ல, தங்கமீனு! கடையில இதுவரை வித்ததெல்லாம் வெளிய வாங்குனது. இதுதான் முட்டையில இருந்து வளத்த மொத ஈடு. இன்னைக்கு நாரோயில்ல இருந்து ஆளு வந்து எடுத்துட்டுப் போக இருந்து. ராத்திரி கறண்டு இல்லாம காத்து பம்பு நின்னு... அவ்வளவும் வாயப் பொளந்து மெதக்கு.

அழகியநாயகி: எல்லாமா பிள்ள?

ரெஜிஷா: எல்லாந்தான் அக்கா.

அழகியநாயகி: அந்த... வெள்ள வாலு உள்ளது?

ரெஜிஷா: அதுந்தான்க்கா.

வள்ளிநாயகம்: ஏட்டி அழகி, நீ போயி காப்பி போடு. மீனுக்கு எழவு கேக்க நிக்கா... இன்னா பாரு ரெஜிஷா, கறண்டு போச்சுன்னா கறண்டு ஆபீசுல போயி சண்ட போடு. நான் என்ன, கறண்டக் கட்டி வச்சா விக்கேன்?

ரெஜிஷா: தெருவுல எல்லா வீட்டுலயும் கறண்டு இருந்து அண்ணாச்சி. எதுத்த வீட்டு அபினா சொன்னா. உங்க வீடு மட்டுந்தான் இருட்டடிச்சுக் கெடந்து.

வள்ளிநாயகம்: அப்பம் எலி வயரக் கடிச்சிருக்கும்.

ரெஜிஷா: மீட்டர் பெட்டியத் தொறந்து பாத்தேன். பீஸ்கட்டையக் காணோம். எலியா உருவிட்டுப் போச்சு?

வள்ளிநாயகம்: களவாணிப் பய எவனாவது...

அழகியநாயகி: இஞ்ச பாருங்க. நேத்து ஆட்டோவுல ஏறுன பொறவு, செருப்பு மாத்தணும்னு எறங்கி உள்ள போனீங்களே...

வள்ளிநாயகம்: ஆமா. மாத்துனேன்.

அழகியநாயகி: அதே செருப்புதான் கெடக்கு கால்ல. பந்தியில இருக்கும்போ தொடையில என்னமோ குத்துகுன்னு நெளிஞ்சீங்களே, அது என்னது? டவுசர் பாக்கெட்டுல இருக்கத வெளிய எடுங்க.

வள்ளிநாயகம்: நடையில வச்சு டவுசர் பாக்கெட்டத் தடவுகியே, வெக்கமா இல்லியா... விடுட்டீ... செரி! பீஸ்கட்டைதான். உருவுனேன். அதுக்கு இப்ப என்ன?

ரெஜிஷா: யம்மா! பீஸ்கட்டையக் கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போனீங்க?

வள்ளிநாயகம்: இடி மழை காலம்மா! பூட்டிட்டு வெளியூரு போனா கட்டைய உருவி மடியில வச்சுக்கிடுகது எங்க அப்பா காலத்துப் பழக்கம். டிவி வெடிச்சா நீயா வாங்கித் தருவ?

அழகியநாயகி: இனிமே உருவப்படாதுன்னு நான் படிச்சுப் படிச்சு சொன்னேம்லா?

வள்ளிநாயகம்: பிரிட்ஜில மாவு புளிச்சிரும்னுதானே சொன்ன? புளிச்சா தோச சுடு.

அழகியநாயகி: மாவுக்கா சொன்னேன்...

ரெஜிஷா: அக்கா, நீங்க சும்மா இருங்க. நான் கேக்கேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு போனு... 'கறண்ட நிறுத்திட்டுப் போறேன் மக்கா'ன்னு சொன்னா வாயி வெந்தா போவும்? ஒரே கட்டடத்துல உயிருள்ளத வச்சிட்டு ஒருத்தி இருக்கான்னு நெனப்பு வராண்டாமா? வாடகை வாங்கும்போ மட்டும் வீட்டுக்காரரு, கட்டைய உருவும்போ ஆரோ எவரோவா?

வள்ளிநாயகம்: ஏன் இந்தப் பாடு படுக? ரெண்டு மீனு வாங்கித் தாறேன். தீந்துதா வழக்கு?

அழகியநாயகி: ரெண்டு மீனா!

வள்ளிநாயகம்: உனக்கு என்னட்டீ வெப்ராளம்? அக்ரிமெண்டுல மீனப் பத்தி ஒரு வரி உண்டா? கடைக்குன்னு நாலு செவரும் ஒரு ஷட்டரும் குடுத்தேன். உள்ள மீன வளத்தாலும் மொசல வளத்தாலும் அது உன் பாடு. கறண்டு பில்லுகூட நீதான... இரு. இரு, இரு. உன் கடைக்குத் தனி மீட்டர்லா?

ரெஜிஷா: அது வந்து...

வள்ளிநாயகம்: நான் உருவுனது எங்க வீட்டு மீட்டர்ல. உன் கடை லைட்டு இன்னா, இப்பமும் எரியுகு! பொறவு எப்பிடி உன் பம்பு நின்னுது? ஓஹோ... எங்க வீட்டுல இருந்து வயரு இழுத்தியா? எங்க கறண்டத் திருடி மீன் வளத்துட்டு, எங்கிட்டயே பொறுப்பு கேக்க வந்திருக்கா!

ரெஜிஷா: திருடி கிருடின்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. மரியாத கெட்டுரும்.

வள்ளிநாயகம்: பின்ன மீன எங்க வச்சிருந்த? சொல்லு! இவ்வளவு நேரம் ஊரக் கூட்டுனியே, இப்ப வாயில கொழுக்கட்டையா?

ரெஜிஷா: அக்கா... நான் என்னத்தச் சொல்லட்டு?

அழகியநாயகி: நீ ஒண்ணும் சொல்லாண்டாம் பிள்ள. எனக்காவ நீ பேச்சு வாங்குனது போதும். இஞ்ச பாருங்க, மீனு இருந்தது மொட்ட மச்சுல. முட்டுவலின்னு நீங்க ஏறாத நம்ம மச்சுல. துணி காயப்போடப் போறேன், போறேன்னு மணிக்கணக்கா அங்க நிக்கேன்லா... ஒரு நாளாவது கேட்டீங்களா, ரெண்டு பேரு துணி இவ்வளவு நேரமா காயுகுன்னு? இவ தந்தது ரெண்டே மீனு. மிச்சம் எல்லாம் நான் வளத்தது. காலைல தீனி போடுன்னு இவகிட்ட மச்சுச் சாவி குடுத்துட்டுத்தான் உங்க கூட ஆட்டோவுல ஏறுனேன். இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கொன்னுட்டு, தோச சுடுன்னு சொல்லுகீங்க... இவளுக்காவது நடையில நின்னு கேக்கதுக்கு ஒரு அக்ரிமெண்டு இருக்கு. நான் எத வச்சுக் கேக்க?