நூற்றுக்கு இரண்டு சேதாரம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். முதுகு சாய்ந்து உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். களைப்பாக இருக்கிறது. நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்வது ஏற்றுமதிச் சங்கிலி. வெளிநாட்டுக்குப் போகும் நகை என்றால் அரசாங்கம் வரியில்லாமல் தங்கம் தரும். வாங்கியது அத்தனையும் நகையாக வெளியே போக வேண்டும். அரத்தால் ராவும்போதும் மெருகு போடும்போதும் தூளாகப் போகிற சேதாரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. முன்பு நூறு கிராமுக்கு மூன்றரை. போன வருடம் இரண்டாகக் குறைத்தார்கள். தாண்டினால் சலுகை ரத்து, பட்டறைக்குப் பூட்டு. நாற்பது குடும்பம் என்னை நம்பியிருந்தது.

எங்கள் சேதாரம் இரண்டே முக்காலில் நின்றது. ஒட்டிய தூளுக்காகக் கால்மிதியை எரித்துச் சலித்தோம். கை கழுவிய தண்ணீரை வடிகட்டினோம். மிச்சம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் தேடினேன். மெருகு அறையின் காற்றாடி அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி வைத்து அடைத்தேன். சங்கிலிகளை அமிலத்தில் முக்கி எடுப்பதும் அதே அறையில்தான்.

அங்கே வேலை பார்த்தவர் என் தங்கையின் கணவர். வெளியாளை நம்பி அந்த அறையைக் கொடுக்க முடியாது, பாருங்கள்.

"மச்சான், மூச்சு முட்டுது. ஃபேனை ஒரு அஞ்சு நிமிஷம் போடுங்களேன்."

"போட்டா தங்கம் பறந்துடும், மாப்பிள்ளே. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கோங்க."

"தங்கம் போனா வாங்கிக்கலாம். நான் போனா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்தவர் என்னைத் தனியாக அழைத்து, நுரையீரல் வெந்திருக்கிறது, இனி அந்த அறைப் பக்கமே விடாதீர்கள் என்றார். வெளியே வந்து மாப்பிள்ளையிடம் சளி என்று சொன்னேன். சரக்கு போகப் பதினெட்டு நாள்தான் இருந்தது. அந்தக் கைக்கு மாற்றாக வேறு கை கிடையாது.

பதினாறாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். வேலை முடிந்துதான் இருந்தது. ஆனால் சேதாரம் இன்னும் இரண்டுக்கு ஒரு நூல் மேலே.

அவர் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டைகளைத் தங்கையிடம் கேட்டேன்.

"எதுக்குண்ணே? அவர் வாசனையாவது இருக்கட்டுமே."

"துவைச்சுத் தரேம்மா" என்று வாங்கி வந்து எரித்தேன். அந்த ஒரு நூல் அதில் கிடைத்தது. சலுகை நிலைத்தது.

இன்னொன்றும் செய்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. தகனம் முடிந்து சாம்பலை வாங்க நான்தான் போனேன். தங்கையிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிடி எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அமிலத்தில் கரைத்து, மூன்று முறை சோதித்தேன்.

ஒரு துளிகூடத் தங்கம் இல்லை, ஐயா. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த அறையிலிருந்து எதுவும் அவர் நெஞ்சுக்குள் போகவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.