இரண்டு படி உப்பு

காப்பியை முதலில் குடிங்க தம்பி, ஆறிவிடும். காளியம்மாள் கொடுத்த மனுவை விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கீங்க. நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

நிலம் பஞ்சநாதன் ஐயாவுடையது. ஆறு மா, இரண்டு ஏக்கர் வரும். அதில் மூன்று மா என் குத்தகை, மூன்று மா காளியம்மாள் குத்தகை. ஐயா சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஆவணியில் பெட்டியோடு வந்து இறங்கினார். இனி நானே ஊரில் இருந்து பயிர் வைக்கிறேன், நிலத்தை விடுங்கள் என்று வழக்கு. புரட்டாசிக் கடைசியில் அதிகாரி வந்து பார்க்கும்போது அவர் இங்கே குடியிருந்தால் நிலம் அவருக்கு. இல்லையென்றால் எங்களுக்கு.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர். வீட்டுச் சாவி எப்போதும் என்னிடம்தான். அவருக்குச் சமைத்துப் போட்டதும், வீட்டுப் போரிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும் நான்தான். வழக்கு வழக்கு, சோறு சோறு.

அவருக்குச் சித்திரை வெயிலிலும் வெந்நீர் வேண்டும். விறகுப் புகை பட்டால் இழுப்பு வரும். அதனால் குளியலறையில் கரண்ட் ஹீட்டர். அது நின்றால் அவர் ஊரில் நிற்க மாட்டார் என்று தோன்றியது. கோடியக்கரைப் பக்கமிருந்து வருகிற கல்லுப்பு, தினம் காலையில் இரண்டு படி, மாடித் தொட்டியில். குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் பிடிப்பது. அதில் கை வைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

முதலில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. அப்புறம் அடியில் சொட்டியது. அப்புறம் குழாயைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தது. எட்டாம் நாள் உள்ளே சூடேற்றுகிற காயில் கம்பி வெடித்து பியூஸ் போனது.

"சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது அமிர்தம்" என்றார் ஐயா.

"கடைமடைத் தண்ணிங்க. அப்படித்தான் இருக்கும்."

"நீங்கள்லாம் எப்படித்தான் காலம் தள்றீங்களோ" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

நான் எதிர்பாராதது நாகூர் கலந்தரை. துபாயிலிருந்து திரும்பி வந்து, தர்கா கந்தூரிக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்கு ஹீட்டர் வாடகைக்கு விடுகிறவர். "சொந்தமா வாங்கி மாரடிக்காதீங்க சார். வாடகைக்கு வச்சுக்குங்க. கெட்டா மாத்தறது என் தலைவலி" என்றார். சொன்னபடி மாற்றவும் செய்தார், மூன்று முறை. கெடுக்கக் கெடுக்கப் புதுசு வந்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

மூன்றாம் முறை காயிலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன அமிர்தம்மா, கடல் இதுவரைக்கும் வந்துட்டுதா?"

"நாகூர்க்காரங்க வாய்க்கு எல்லாமே கடல்தான் பாய்."

சிரித்துவிட்டுப் புது ஹீட்டரை மாட்டிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நாற்றுவிட வழியில்லாமல் காளியம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "இடுப்பு வலியோட நீ ஏன்டி குடம் சுமக்கணும்? ஐயா குளிக்கிற தண்ணி சும்மாதானே போகுது" என்று சொல்லி, குளியலறையிலிருந்து அவள் நாற்றங்காலுக்கு நானே மடை வெட்டிக் கொடுத்தேன். மண்வெட்டிகூட என்னுடையது. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முளைத்த நாற்று சில நாளில் நுனி மஞ்சளாயிற்று. பார்த்தேன். மறுநாளும் இரண்டு படி போட்டேன். அதிகாரி வர இன்னும் பத்தே நாள். அந்த நேரத்தில் நிறுத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க.

நாற்று கருகியதும் காளியம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். விவசாயிகள் சங்கத்துக் கொடியோடு ஊர் கூடியது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "ஐயா குளிக்கிற தண்ணிதான் பாயுது. வேற தண்ணி ஏது?" என்று மட்டும் சொன்னேன். சங்கத்து ராசு மண்ணைக் கிள்ளி வாயில் வைத்துக் காறித் துப்பினான். குத்தகைக்காரியை விரட்ட நாற்றுக்கு உப்புத் தண்ணீர் விட்டவர் என்று ஐயாவுக்குப் பெயராகிவிட்டது.

"நீ சொல்லு அமிர்தம், நான் அப்படிச் செய்வேனா?" என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். அன்றைக்கு ஹீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி வந்தார், பூட்டைப் பார்த்தார், வழக்கு தள்ளுபடி. நடுவதற்கு நாற்று இல்லாத காளியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவள் மூன்று மாவைத் தரிசாகப் போட எனக்கு மனசு வரவில்லை. நட்டேன். வேறு யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று குத்தகையை என் பேரில் பதிந்தும் வைத்தேன். எல்லாம் அவளுக்காகத்தான்.

ஊரே காய்ந்து கிடந்தபோது அவள் வயலுக்கும் நட என்னிடம் நாற்று ஏது என்றுதானே கேட்கப் போறீங்க? அவளுக்கு மடை வெட்டிக் கொடுத்த அன்று விடியற்காலையிலேயே, தொட்டிக்கு ஏறாத நல்ல போர்த் தண்ணீரைச் சுமந்து, என் கொல்லையில் ஆறு மாவுக்கும் சேர்த்து விதை விட்டிருந்தேன். எனக்குக் கை கொஞ்சம் தாராளம் தம்பி.