பன்னிரண்டாவது துண்டு

அன்னாள்: நான் வரல. வரலன்னா வரல.

சூசைநாதன்: பெரிய வெள்ளிக்கெழமயும் அதுவுமா... பத்து மணிக்கி சிலுவப்பாத அன்னாளு. தெருவே கெளம்பிடுச்சி.

அன்னாள்: போவட்டும். அவங்க மூஞ்சியில முழிக்கிற மாதிரியா நீ பண்ணி வச்ச?

சூசைநாதன்: நான் இன்னா பண்ணேன்?

அன்னாள்: இன்னா பண்ணேனா! நேத்து சாயங்காலம் பீடத்துக்கு முன்னால பன்னெண்டு நாற்காலி போட்டு, பன்னெண்டு பேர சீடருங்கன்னு ஒக்கார வச்சி, சாமியாரு முட்டி போட்டு ஒவ்வொருத்தர் காலா கழுவிக்கினு வராரு. பதினோரு பேரு காலு பவுடர் போட்டாப்புல இருக்குது. கடைசியா என் புருஷன் காலு... முட்டி வரிக்கும் சாக்கட!

சூசைநாதன்: முட்டி வரிக்கும்லாம் இல்ல. கெண்டக்கால் வரிக்கும்தான்.

அன்னாள்: சிரிக்காதய்யா, எரியுது எனக்கு! மூணு மணிக்கி நானே ஒக்காந்து பீர்க்கங்கா நாரால தேச்சி உட்டேன். நகம் வெட்டி உட்டேன். அஞ்சி மணிக்கி ஒரு போன் வந்துச்சி, 'தோ வந்துடறேன்'னு பூட்ட. எங்க பூட்ட?

சூசைநாதன்: அடைப்பு எடுக்க.

அன்னாள்: எந்த வூட்ல?

சூசைநாதன்: ஒரு வூட்ல.

அன்னாள்: அந்த வூட்டுக்குப் பேரு இல்லியா?

சூசைநாதன்: ...அது இன்னாடி பக்கெட்டு, பழய பொடவ போட்டு மூடி வச்சிருக்க? சோப்புத்தூளு வேற. இன்னிக்கி நீ துணி தொவைக்க மாட்டியே.

அன்னாள்: பேச்ச மாத்தாத. அந்தப் பக்கம் போவாத, சொல்லிட்டேன். கொம்யூன் பஞ்சாயத்துல லீவு போட்டுட்டுதான இருந்த? வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்ல வாய் இல்லியா?

சூசைநாதன்: மனுஷங்க இருக்கற வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சிடி. 'நான் இன்னிக்கி சீடரு, நாளைக்கி வரேன்'னு சொல்லச் சொல்றியா? வேட்டிய கழட்டி மடிச்சி வச்சிட்டு எறங்கிட்டேன். வேட்டி வெள்ளயாதான இருந்துச்சி?

அன்னாள்: வேட்டியவா கழுவினாரு சாமியாரு?

சூசைநாதன்: ஹா... ஹா...

அன்னாள்: அங்கயே ரெண்டு சொம்பு ஊத்திக்கினு வர வேண்டிதான?

சூசைநாதன்: ...மணி அடிச்சிட்டாங்க.

அன்னாள்: அந்த வூட்ல தண்ணி இல்லியா?

சூசைநாதன்: மணி அடிச்சிட்டாங்கன்னு சொல்றன்ல!

அன்னாள்: கத்தாத. எங்கப்பன் இருந்தவரிக்கும் பெரிய வியாழன்னா அந்தப் பன்னெண்டு நாற்காலியயும் தொடச்சிப் போடுவாரு. போட்டுட்டு கடைசியில போயி நிப்பாரு. ஒரு வருஷம்... ஒரே ஒரு வருஷம்கூட யாரும் ஒக்காருன்னு சொல்லல. நம்ம தெருவுலேர்ந்து மொத ஆளு நீ. குருத்து ஞாயிறு அன்னிக்கி கோயில்ல உன் பேரு படிச்சப்ப எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துச்சி. மடுகரையில தங்கச்சிக்கு போன் போட்டு, 'எங்க வூட்டுக்காரருதாண்டி பன்னெண்டாவது ஆளு'ன்னு பத்து தடவ சொன்னேன். இனிமே கூப்புடுவாங்களா நம்ம தெருவ? அந்தத் தண்ணி கருத்தத ஊரே பாத்துச்சி.

சூசைநாதன்: பாக்கட்டும்.

அன்னாள்: பாக்கட்டுமா?

சூசைநாதன்: சாமியாரு பாத்தாரு. அவரு மொகம் சுளிக்கல. இன்னொரு ஜக்கு தண்ணி கேட்டாரு, அவ்ளோதான்.

அன்னாள்: எதோ காதுல சொன்னாரே... ரொம்ப நேரம் கால உடவே இல்ல. திட்னாரா?

சூசைநாதன்: திட்டல.

அன்னாள்: பின்ன?

சூசைநாதன்: 'வேலையிலேர்ந்து வரியா சூச'ன்னு கேட்டாரு. 'ஆமா சாமி, மன்னிச்சிடுங்க'ன்னேன். 'மன்னிக்க இன்னா இருக்குது? பதினோரு பேரும் வூட்லயே கழுவிக்கினு வந்துட்டாங்க. எனக்குன்னு நீ ஒருத்தன்தான் வேல வச்சிருக்க'ன்னாரு.

அன்னாள்: சாமியாரா அப்பிடி சொன்னாரு?

சூசைநாதன்: விரலு சந்துல எல்லாம் தேச்சாரு. அப்பறம் குனிஞ்சி முத்தம் வச்சாரு. எல்லாருக்கும் வச்சாருதான்... எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி.

அன்னாள்: இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?

சூசைநாதன்: நீ பேசினாதான! மொகத்த திருப்பிக்கினு படுத்துட்ட. கேளு அன்னாளு. பதினாறு வருஷமா இந்த ஊரு அழுக்கு பூரா இந்தக் காலுலதான் ஏறுச்சி. ஆண்டவருக்கு இந்தக் காலு தெரியாதா? அவரு செஞ்ச காலுதான? அந்தப் பதினோரு பேரயும் இன்னா வெலைக்கி வாங்கினாரோ, அதே ரத்தத்த சிந்திதான் என்னயும் வாங்கினாரு. எனக்குன்னு அவரு தள்ளுபடி எதுவும் கேக்கல. நான் கொறஞ்சவன் இல்ல. நீயும் இல்ல.

அன்னாள்: கொறஞ்சவன்னு நான் சொன்னனா?

சூசைநாதன்: அப்ப கெளம்பு.

அன்னாள்: ...யாரோ வராங்க. அய்யய்யோ, உபதேசியாரு! கோயில்ல எல்லாத்தயும் ஏற்பாடு பண்ண மனுஷன் வூடு தேடி வராரு... திட்டத்தான். நீ பேசாத, நான் பேசறேன்.

சவரிநாதன்: சூச இருக்கானாம்மா?

அன்னாள்: வாங்கண்ணே. அண்ணே, நேத்து நடந்தத மனசுல வச்சிக்காதீங்க. குருத்து ஞாயிறு அன்னிக்கே நீங்க அத்தினி பேரு முன்னால சொன்னீங்க, 'சூச, நீ சாக்கட வேல பாக்குறவன், கால நல்லா தேச்சிக் கழுவிட்டு வா, என் மானத்த வாங்கிடாத'ன்னு. கேட்டும் இப்பிடி பண்ணிட்டாரு. அதுக்காக அடுத்த வருஷம் எங்க தெருவ...

சவரிநாதன்: அம்மா, அம்மா... இரு. நான் துண்டு கேக்க வந்தேன்.

அன்னாள்: ...து... துண்டா?

சவரிநாதன்: ஒரு ஆளுக்கு ஒரு துண்டுன்னு பன்னெண்டு துண்டு. சிஸ்டரு எண்ணிப் பாத்தா பதினொண்ணுதான் இருக்குது. சூச கால தொடச்ச துண்டக் காணம். நீதான கோயில் கூட்டின...

அன்னாள்: எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?

சவரிநாதன்: சரி உடு. துண்டுக்காக வரல. துண்டு ஒரு சாக்கு. சூச, நீ வூட்ல சொல்லிட்டியா?

சூசைநாதன்: நான் எதுவும் சொல்லல. நீங்களும் உடுங்கண்ணே. போங்க, நேரமாவுது.

அன்னாள்: இன்னாய்யா? இன்னா சொல்லல?

சவரிநாதன்: நேத்து அஞ்சி மணிக்கி போன் போட்டது நான்தாம்மா.

அன்னாள்: நீங்களா?

சவரிநாதன்: எங்க வூட்டு சாக்கடதான். எங்கம்மா படுத்த படுக்க, உனக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில தண்ணி வந்துடுச்சி. நாலு பேருக்கு போன் போட்டேன், ஒருத்தரும் வரல. இவன் புது வேட்டியோட வந்து நின்னான்.

சூசைநாதன்: அண்ணே, போதும்...

சவரிநாதன்: இருடா. வேல முடிஞ்சதும், 'அண்ணே, வாசக் கொழாயில கால் கழுவிக்கிறேன்'னான். நான்... நான் வேணான்னுட்டேம்மா. வாசல் அசிங்கமாயிடும், கோயில்ல போயி கழுவிக்கன்னேன். அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சி. அப்பறம் கோயில்ல எல்லாரும் முணுமுணுத்தாங்க. நான் மைக்கு பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

அன்னாள்: ஆயா எப்பிடி இருக்காங்க இப்ப?

சவரிநாதன்: நல்லா இருக்காங்க. 'சூசைக்கி தண்ணி குடுத்தியாடா'ன்னு கேட்டாங்க. கொன்னுட்டாங்க என்ன.

சூசைநாதன்: உடுங்கண்ணே. அதான் சாமியாரே கழுவி உட்டாரே. உங்க கொழாயில கழுவியிருந்தா அந்தக் கொடுப்பன எனக்கு ஏது?

சவரிநாதன்: இன்னிக்கி சிலுவப்பாதயில மைக்ல நானே சொல்லிடறேன். எங்க வூட்டு சாக்கடன்னு.

சூசைநாதன்: வேணாண்ணே, எதுக்கு...

அன்னாள்: நீ சும்மா இருய்யா! சொல்லட்டும். கொழாயையும் சேத்து சொல்லுங்கண்ணே. நான் மொத வரிசையில நின்னு கேக்கறேன்.

சூசைநாதன்: வரலன்னியே?

அன்னாள்: யாரு சொன்னது? எங்க என் பொடவ... அண்ணே, சிஸ்டருகிட்ட தேட வேணான்னு சொல்லிடுங்க. அந்தத் துண்ட நான்தான் எடுத்தாந்தேன், யாரு கண்ணுலயும் படறதுக்குள்ள வெளுத்து வச்சிடலான்னு. தோ பக்கெட்டுல இருக்குது, இன்னும் தண்ணி ஊத்தல. ஊத்தவும் மாட்டேன். அடுத்த வருஷம் பன்னெண்டு நாற்காலி போடும்போது, இத அப்பிடியே மடிச்சி மொத நாற்காலியில வைக்கச் சொல்லுங்க.