அரை மணி நேரத்து ஏலக்காய்

இல்லண்ணே, சென்ட் வாங்க வரல. இந்தச் சட்டைய மோந்து பாத்துச் சொல்லுங்க, போதும். நேத்து கழட்டினதுமே பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிஞ்சு வெச்சிட்டேன். யாரோடதா? என் வீட்டுக்காரரோடதுதான்.

ஏலக்காயா? ம். மேல் வீட்டு அக்காவும் முந்தாநாள் சாயந்தரம் அதேதான் சொன்னாங்க. உன் புருஷன் படியேறி வந்தா ஏலக்காய் டப்பாவத் திறந்த மாதிரி இருக்குடி, ஆபீஸ்ல வேலை பாக்குறாரா இல்ல மளிகைக் கடையிலயான்னு. சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். வேற என்ன பண்ண?

அவரக் கேட்டா, ஆபீஸ் டீங்கிறாரு. டீ குடிச்சா வாய்தானே மணக்கும்? தோள்பட்டையா மணக்கும்?

என்னது, இது சமையல் ஏலக்காய் இல்லியா? சென்ட்ல சேக்குற எண்ணெயா? அடியில மரவாசம் வேற இருக்கா? அது ரெண்டு நாளானாலும் துணிய விட்டுப் போகாதா? இருங்க இருங்க, கடைசியாச் சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க. ஏலக்காய்தான் முதல்ல கிளம்பும், முதல்ல ஓடியும் போயிடும். திறந்த காத்துல அரை மணி நேரம்கூடத் தாங்காது. அப்படித்தானே?

அவர் ஆபீஸ்லேர்ந்து எங்க வீட்டுக்கு பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம்ண்ணே. அப்போ ஆபீஸ்ல இருக்குற யாரும் இல்ல. பஸ்ஸ விட்டு இறங்கினப்புறம்தான். எங்க வீட்டுப் பக்கத்துலயேதான்.

நான் எப்பவும் இப்படித் துருவித் துருவிக் கேக்குறவ இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க.

சரி, இந்தத் துப்பட்டாவையும் கொஞ்சம் பாருங்க. சும்மாதான் எடுத்துட்டு வந்தேன். நல்லா மூச்ச இழுத்துப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா? அதே மரவாசம்தானா?

ம்.

என் தங்கச்சியோடது. பக்கத்துத் தெருதான். காலைல வந்தவ மறந்து விட்டுட்டுப் போயிட்டா.

நானே மோந்து பாத்திருக்கலாமா? அதானேண்ணே எனக்கு முடியாதது. போன வருஷம் ஜுரத்துல படுத்து எழுந்ததுலேர்ந்து வாசமே தெரியறதில்ல. பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். பால் கெட்டுப்போச்சா, கேஸ் கசியுதான்னு அவதான் தினமும் வந்து எனக்காக மோந்து பாத்துச் சொல்லுவா. நேத்துக் காலைல, முந்தாநாள் அவர் போட்ட சட்டையக் கையில கொடுத்தேன். மூக்குல வெச்சுப் பாத்துட்டு, வெறும் வேர்வைதான்க்கா, துவைக்கப் போடுன்னா.