முயலுக்கு வலை, வண்டுக்கு வாசல்

தலைமையேற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் பெரியவர் முனீர் அகமது அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய காலோடு வந்து நிற்கும் தாய்மார்களே! முயல் விரட்டிய மாவீரர், மாதனூர் இளைஞர் மன்றத் தலைவர் தம்பி புகழேந்தி அவர்களே! ஷூ கம்பெனித் தையல் பிரிவு சூப்பர்வைசர் ஜஹீதாவின் வணக்கம்.

தம்பிக்குப் பொன்னாடை போர்த்தத்தான் அழைத்தீர்கள். போர்த்திவிட்டேன். இனிப் பொறுமை காப்பது உங்கள் பாடு; என்னிடம் அது தீர்ந்துவிட்டது!

காட்டு முயல் என்ன செய்தது? வேர்க்கடலைக் கொல்லையில் கொழுந்தைக் கடித்தது. காலடிச் சத்தம் கேட்டதும் கரட்டு மேட்டுக்கு ஓடியது. அதற்கு வலையா? வேட்டா? வெற்றி விழாவா? சிவப்புக் கூன்வண்டு என்ன செய்தது? தென்னையில் காயம் தேடியது. காயத்தில் முட்டை வைத்தது. அதன் புழு உள்ளேயே உண்டு, உள்ளேயே உறங்கி, உயிர்மரத்தை உளுத்த மரமாக்கியது. அதற்கு ஒரு வசவாவது உண்டா?

முயலுக்குக் காது நீளம். கூன்வண்டுக்கு மூக்கு நீளம். நமக்கோ வாய் மட்டும்தான் நீளம்! கைதட்டாதீர்கள் ஐயா, திட்டிக்கொண்டிருக்கிறேன்!

போன வாரம், என்னோடு தைக்கும் அமிர்தவள்ளியின் தென்னை தலை முறிந்து, அவள் சமையற்கட்டு ஓட்டின்மேல் விழுந்தது. வேலைக்கு வந்திருந்ததால் பிழைத்தாள். புகழேந்தி சொன்னது என்ன தெரியுமா? "முயல் வேரைக் கடிச்சிருக்கும்க்கா!" எனக்கு வந்ததே ஆத்திரம்! முயல் வேரைக் கடித்தால் மரத்தின் உச்சியா முறியும்?

இன்னாம்மா, காயம் எப்படி வந்ததா? நல்லா கேட்டே! விழாவுக்கு விழா ஃபிளக்ஸ் கட்ட அந்த மரத்தில் ஆணி அடித்தது யார்? இன்றைக்கும் அவள் வீட்டை ஒட்டிய மற்ற இரண்டு மரங்களில், பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே அடித்தது யார்? ட்யூப்லைட்டுக்கு ஆணி, தோரணத்துக்கு ஆணி, தம்பியின் படத்துக்கு ஆணி! முயலுக்கு வலை விரித்த கையே வண்டுக்கு வாசல் திறந்ததே! அந்த மரங்களின் கீழேதானே அவள் பிள்ளைகள் தூங்குகிறார்கள்!

"கூட்டம் முடிஞ்சதும் புடுங்கிடறேன்க்கா" என்கிறாயா? கூட்டம் முடிந்தால் நீ மாலையோடு போய்விடுவாய். இப்போதே பிடுங்கு, துளையைச் சிமெண்டால் அடை!

பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கால் கடுக்க நின்ற தாய்மார்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒலிபெருக்கியும் அவள் மரத்து ஆணியில்தான் தொங்குகிறது. கழற்றினால் என் குரல் நின்றுவிடும். நிற்கட்டும்! சத்தம் அடங்கியதும் மரத்தில் காது வைத்துப் பாருங்கள். உள்ளே புழு கரகரவென்று கடிப்பது கேட்டால், அவள் பிள்ளைகளை இன்றைக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள்.

கழற்று தம்பி!